சுற்றி நிற்பவர்கள் கற்றுக்கொள்ளும் இடம்: குமரி மாவட்டத்தில் ஒரு வலிப்புநோய்க் குடும்பக் கூட்டம்

கடந்த 14 மாதங்களாக, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, நானும் என் மனைவியும் மகளும் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில், பழைய வாசகசாலை ஒன்றின் மாடிக்குப் போய் வருகிறோம். வலிப்பு நோயுடன் வாழ்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கூடிப் பேசும் கூட்டம் அங்கே நடக்கிறது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும், சிறு வயதிலிருந்தே வலிப்புக்கு மருந்து சாப்பிட்டுவரும் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அதை நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. கட்டன் சாயாவுக்கும் மட்டிப்பழத்துக்குமாக ஆளுக்கு 20 ரூபாய் தகரப் பெட்டியில் போட்டால் போதும். போடாதவரை யாரும் கேட்பதில்லை. ஊரின் பெயரையும் நடத்துபவர்களின் பெயரையும் நான் எழுதவில்லை. அங்கே வருகிறவர்களில் பலர் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் வருகிறவர்கள். அந்த மாடிப்படியில் ஏறுவதைக் கண்டே ஊர் தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் என்று அஞ்சி, பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இப்படி ஒன்று நம் மாவட்டத்தில் நடக்கிறது என்பதே தெரியாமல் நாங்கள் இரண்டு வருடங்களை வீணாக்கியவர்கள் என்பதால், இந்தச் சேவையின் நிறைகுறைகளை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

இதை எந்த அளவுகோலால் எடை போடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர் தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளலாம். மூச்சிரைப்பு உள்ளவர் தன் மருந்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளலாம். உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பு வரும்போது, அந்த இரண்டு மூன்று நிமிடங்களும் நோயாளிக்கு நினைவே இருப்பதில்லை. அவரைக் காப்பதும் அறியாமையால் காயப்படுத்துவதும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர்களுடைய கைகள்தாம். ஆகவே வலிப்பு நோய்க்கான ஒரு துணை அமைப்பு நோயாளிக்கு எவ்வளவு ஆறுதல் சொல்கிறது என்பதைக் காட்டிலும், அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கு, அதாவது தாய், தகப்பன், பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் தோழி, வகுப்பாசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், கட்டிக்கொள்ளப்போகும் கணவர் ஆகியோருக்கு எவ்வளவு கற்றுக்கொடுக்கிறது என்பதே என் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்தக் கூட்டம் சில இடங்களில் மிக நன்றாகவும் சில இடங்களில் குறைவாகவும் பதில் சொல்கிறது.

என் மகளுக்கு முதல் வலிப்பு வந்தபோது அவளுக்கு 14 வயது. டிசம்பர் மாதம். ஆலயத்துக் கரோல் குழுவோடு மூன்று இரவுகள் வீடு வீடாகப் பாடிவிட்டு, விடியற்காலை இரண்டு மணிக்குமேல் வந்து படுத்து, ஆறு மணிக்கு எழுந்தவள், அடுக்களை வாசலில் நின்றபடியே விழுந்தாள். அன்று நாங்கள் செய்தவற்றை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. என் தாயார் பீரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார். அடுத்த வீட்டு மாமி நாக்கைக் கடித்துவிடுவாள் என்று சொல்லி எவர்சில்வர் கரண்டியை வாய்க்குள் செலுத்தினார். நான் அவளுடைய இரண்டு கால்களையும் என் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்தேன். வலிப்பு தானாகவே நின்றது. அவளுடைய முன்பல்லின் முனை உடைந்திருந்தது; அதை வலிப்பு உடைக்கவில்லை, கரண்டி உடைத்தது. இது நடந்த பிறகும், எங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. நாங்கள் சரியானதைத்தான் செய்தோம் என்று நம்பியிருந்தோம்.

மருத்துவமனையில் நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் எங்கள் முறை வந்தபோது கிடைத்தது சில நிமிடங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிவர வேண்டும், முந்தின இரவு குறைவாகத் தூங்க வைக்க வேண்டும் என்று சொல்லி, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள். குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. இ.இ.ஜி. சரியாக இருந்தால் நோயே இல்லை என்று பொருளாகாது, வலிப்பு உள்ளவர்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அது இயல்பாக இருக்கலாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. விழுந்ததைப் பற்றி மட்டும் சொன்னோம், கார்பமசெபின் மாத்திரை எழுதித் தந்தார்கள், வந்துவிட்டோம். அடுத்த இரண்டு வருடங்களில் இன்னும் நான்கு முறை விழுந்தாள். அவற்றில் ஒன்று பள்ளியில் நடந்தது. நோய் முழுமையாகக் குணமாகிவிட்டது என்று மருத்துவரிடம் சான்று வாங்கி வந்தபிறகு வகுப்புக்கு அனுப்புங்கள் என்று அந்தப் பள்ளியில் சொன்னார்கள். அப்படிப்பட்ட சான்றை எந்த மருத்துவரும் தர முடியாது. 19 நாட்கள் அவள் வீட்டிலிருந்தாள்.

இந்தக் காலத்தில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. காலையில் சாயா கிளாஸை அவள் கையில் கொடுத்தால், கை வெட்டி இழுத்ததுபோல் ஆகி, கிளாஸ் தெறித்துப் போகும். பல் துலக்கும்போது பிரஷ் பறக்கும். வயது வந்த பெண், கவனம் இல்லை, கைப்பேசியிலேயே மனசு என்று அவளைத் திட்டினோம். “நான் பிடிச்சிட்டுதான் இருந்தேன் அப்பா, கை தானா தூக்கிப் போட்டுது” என்று அவள் அழுதுகொண்டே சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தியாகவும் அது எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் கூட்டத்துக்கு நாங்கள் போனது, மருந்துக் கடையில் எங்களைப் போலவே அதே மாத்திரையை வாங்க நின்ற ஓர் அம்மா என் மனைவியின் காதருகே மெல்லச் சொன்னதால். கூட்டம் முடியும் தறுவாயில், அந்த ஆசிரியர் என் மகளின் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, “காலத்தே எழும்பின உடனே கையிலிருந்து சாதனம் எதுவும் தெறிச்சுப் போவுமா மக்களே?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு வருடங்களாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றுதான் ஒருவர் கேள்வியாகவே கேட்டார். அவருக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்ததாம். அவர் நோய்க்குப் பெயர் சொல்லவில்லை, மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக் காலையிலிருந்து கைப்பேசியைத் தயாராக வைத்து, கை வெட்டுவதைப் படம் பிடித்து, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை 11 நொடிகள் ஓடும் ஒரு படம் கிடைத்தது. அதைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, இது வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோய், தூங்கி எழுந்த நேரத்தில் இந்தக் கைவெட்டு வரும், தூக்கம் குறைந்தால் பெரிய வலிப்பாகவும் மாறும் என்று விளக்கினார். கார்பமசெபின் இந்த வகையில் கைவெட்டை அதிகப்படுத்தவும் கூடும் என்பதால் மருந்தை மாற்றினார். வால்ப்ரோயேட் இதற்கு நன்றாகக் கேட்கும் மருந்துதான், ஆனால் பிற்காலத்தில் கர்ப்பம் தரிக்கும்போது குழந்தையைப் பாதிக்கும் வாய்ப்பு அதற்கு அதிகம் என்பதால், பெண் பிள்ளைக்கு லெவெட்டிராசெட்டத்தில் தொடங்கலாம் என்றார். மாற்றிய பிறகு முதல் மூன்று மாதங்களில் ஒருமுறை விழுந்தாள்; அதன்பின் 11 மாதங்களாக அவளுக்குப் பெரிய வலிப்பு வரவில்லை. இதற்கான பெருமை மருத்துவருக்கும் மருந்துக்கும் உரியது. ஆனால் மருத்துவருக்குத் தேவைப்பட்ட ஒரு செய்தி, எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து அவருடைய மேசைக்குப் போய்ச்சேர இரண்டு வருடங்களும் ஒரு மாடிப்படியும் தேவைப்பட்டன. கூட்டத்தை நடத்துபவர்கள் தங்கள் எல்லையை அறிந்தவர்கள் என்பதே, பதினான்கு மாதங்களுக்குப் பிறகும் நான் அவர்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு முதல் காரணம்.

அங்கே நடக்கும் முதலுதவிப் பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும், புதிதாக ஒரே ஒரு குடும்பம் வந்திருந்தாலும் கூட, அது முதலிலிருந்து நடக்கிறது. ஒரு பையன் பாயில் படுத்துக்கொள்வான். சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் செவிலியர் முதலில் செய்யச் சொல்வது ஆச்சரியமான ஒன்று: சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையைக் காலை அசைக்காமல், பேசாமல், இரண்டு நிமிடங்கள் எல்லோரும் இருக்க வேண்டும். முதல் முறை நான் அப்படி உட்கார்ந்தபோது, ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். வலிப்பு வரும்போது வீட்டார் தவறு செய்வது அன்பில்லாமையால் அல்ல, அந்த இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகத் தெரிவதால்தான் என்று சிஸ்டர் விளக்கினார். முதலில் மணியைப் பார்க்கக் கற்றவனுக்கு மற்றதெல்லாம் எளிதாக வரும் என்பது அவருடைய அனுபவம்.

பிறகு ஒவ்வொருவராக வந்து செய்ய வேண்டும். கூரான பொருள்களை, சூடான பாத்திரங்களை அகற்றுவது, தலைக்கடியில் துவர்த்தை, அதாவது துண்டை, மடித்து வைப்பது, கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்துவது, இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து உமிழ்நீர் வெளியே வழியவிடுவது, முழு நினைவு வரும்வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றாமல் பக்கத்திலேயே இருப்பது. கையைக் காலைப் பிடித்து அழுத்தக்கூடாது. வாயில் எதையும் வைக்கக்கூடாது. நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் இழுப்பு நிற்காவிட்டாலும், நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், தண்ணீருக்குள் விழுந்திருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். இரும்பைப் பற்றிக் கேட்டவர்களிடம் சிஸ்டர் வாதம் செய்வதில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், நிற்கும் நேரத்தில் கையில் என்ன இருந்ததோ அதற்குப் புகழ் போய்விட்டது, நம் பாட்டிமார்களிடம் சாவி இருந்தது என்று அமைதியாகச் சொன்னார். என் தாயார் அடுத்த கூட்டத்துக்கு என்னோடு வந்தார். 74 வயதில் பாயருகே முழந்தாளிட்டு, அந்தப் பையனைப் பக்கவாட்டில் சரித்துக் காட்டினார். அவர் கைகள் நடுங்கின. சரியாகச் செய்தார்.

பயிற்சிக்கு அடுத்தபடியாக எங்களுக்குப் பயன்பட்டது ஒரு சாதாரண 80 பக்க நோட்டு. வலிப்பு வந்த தேதி, மணி, எவ்வளவு நேரம், முந்தின இரவு எத்தனை மணிநேரத் தூக்கம், எந்த வேளை மாத்திரை தவறியது, காய்ச்சல் இருந்ததா, மாதவிலக்கு நாளா என்று கோடு போட்டுத் தருகிறார்கள். ஆறு மாதம் எழுதிய பிறகு பார்த்தால், எங்கள் வீட்டுக் கதை இரண்டே வரியில் கிடந்தது: விழித்திருந்த இரவும் மறந்துபோன மாத்திரையும். அதைப் பார்த்த பிறகு கரோலுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போன டிசம்பரில் முதல் நான்கு வீடுகளோடு பத்து மணிக்கு அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். குழுவினருக்குக் காரணத்தை அவளே சொன்னாள். இதே கேள்வி இன்னொரு குடும்பத்துக்கு வேறு உருவத்தில் வந்தது. சிவராத்திரிக்கு, திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் “கோவிந்தா கோபாலா” என்று முழங்கிக்கொண்டு இரவும் பகலுமாக ஓடிச் சேரும் சிவாலய ஓட்டத்துக்கு, தலைமுறை தலைமுறையாகப் போகும் வீட்டைச் சேர்ந்த 22 வயது இளைஞர், தானும் காவி உடுத்து விசிறியோடு ஓடவேண்டும் என்று விரும்பினார். தூக்கமும் இல்லாமல், வெயிலிலும் சோர்விலும் ஓடுவது அவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் “நீ வராதே” என்று அவருடைய தகப்பனார் சொன்னபோது, அந்த இளைஞரின் முகம் வாடியதையும் அவர் கவனித்தார். ஒரு மணிநேரம் பேசி முடிவானது இது: அண்ணனோடு வேனில் போவது, இரவு ஆறு மணிநேரம் இடையில் ஓரிடத்தில் தூங்குவது, மாத்திரை வேளையைத் தவறவிடாமல் இருப்பது, குளத்திலோ ஆற்றிலோ இறங்காமல் கோயில் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. விலக்கி வைக்காமல், ஆபத்தையும் மறைக்காமல் இப்படி வழி கண்டுபிடித்துத் தருவதுதான் இந்தக் கூட்டத்தின் ஆகச் சிறந்த குணம் என்று நான் நினைக்கிறேன்.

நீர் நிறைந்த மாவட்டம் நம்முடையது. குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து குளத்தில் போன உயிர்களைப் பற்றி அங்கே வருகிற வயதானவர்கள் பேசும்போது அறையில் சத்தமே இருப்பதில்லை. தனியாகக் குளத்தில் இறங்குவதில்லை என்பதும், வீட்டுக் குளியலறையில் உள்தாழ்ப்பாள் போடாமல் வெளியே கதவில் ஒரு சிவப்புத் துவர்த்தைத் தொங்கவிடுவது என்பதும், அங்கே பல வீடுகள் பின்பற்றும் வழக்கம். கஞ்சி வடிக்கும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும் என்பதும் அப்படியே.

பள்ளிக்கூட விஷயத்தில் அவர்கள் செய்த உதவியை நான் மறக்கமாட்டேன். எங்கள் வேண்டுகோளின்பேரில் சிஸ்டரும் ஆசிரியரும் நேரில் பள்ளிக்கு வந்து, 40 நிமிடம் என் மகளின் வகுப்பில் பேசினார்கள். அதற்கு முன்பே, தன் பெயரைச் சொல்லிப் பேசலாமா வேண்டாமா என்பதை அவளிடமே கேட்டு, அவள் சரி என்ற பிறகே பேசினார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேர் இந்த நோயுடன் வாழ்கிறார்கள், சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எடுத்துச்சொன்னார்கள். இது தொற்றும் நோய் அல்ல, பேய்க்கோளாறும் அல்ல என்றார்கள். பிறகு பாயை விரித்து, மாணவிகளையே செய்துபார்க்கச் சொன்னார்கள். சான்று கேட்ட அதே அலுவலகத்தின் சுவரில் இப்போது முதலுதவிப் படம் ஒட்டியிருக்கிறது. என் மகளின் பக்கத்தில் இருக்கும் பெண், தேர்வு அறையிலும் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருகிறாள். எதற்கு என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மருந்து பற்றிய தகவல்களிலும் கூட்டம் நம்பகமாக இருக்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரக்கூடும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். லெவெட்டிராசெட்டம் சிலருக்குக் கோபத்தையும் எரிச்சலையும் கொண்டுவரும் என்பதை மற்ற தாய்மார்கள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அதுவரை மகள் மாறிவிட்டாள் என்று மனம் நொந்திருந்தோம். கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கேட்டால், மாத்திரையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள விடுவதில்லை. எந்தக் கடையில் அதே மருந்து இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறார்கள். ஜெபம் பண்ணி, மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களிடமும், நேர்ச்சை முடித்துவிட்டு நிறுத்தியவர்களிடமும் சிஸ்டர் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: மாத்திரையை விழுங்கிவிட்டு முழங்கால் போடுங்கள், விழுங்கிவிட்டு மலை ஏறுங்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்கு வழிகாட்டுவதும் நன்றாக நடக்கிறது. தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்காவிட்டால் சிறப்பு மையத்தில் காட்டவேண்டும் என்பது மருத்துவ வழக்கம். எங்கள் பகுதிக்கு அது திருவனந்தபுரத்தில், களியக்காவிளை தாண்டியதும் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சை நடந்துவருகிறது. வலிப்பு உள்ள பெண்களின் கர்ப்ப காலத்தைப் பதிவுசெய்து பின்தொடரும் கேரளப் பதிவேடும் அங்கே 1998-இல் தொடங்கப்பட்டது. அங்கே போகவேண்டியவர்களோடு ஏற்கெனவே போய்வந்த ஒருவர் முதல் முறை துணைக்குச் செல்கிறார். என்னென்ன காகிதம் வேண்டும், எத்தனை மணிக்கு வரிசையில் நிற்கவேண்டும், மலையாளத்தில் எப்படிக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் எந்தச் சுவரொட்டியிலும் கிடைக்காத செய்திகள்.

இனி குறைகளை எழுதுகிறேன். முதலாவது, அந்த மாடிப்படி. 17 படிகள், ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, மழைக்காலத்தில் பாசி வழுக்குகிறது. வலிப்பு நோயாளிகள் கூடும் இடத்துக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இருக்க முடியாது. கீழ்த்தளம் பத்திரிகை வாசிப்பவர்களுக்கானது என்று வாசகசாலைக்காரர்கள் சொல்கிறார்கள். மாதத்தில் இரண்டு மணிநேரம் இடம் மாற்றிக்கொள்ள முடியாதா என்று நடத்துபவர்கள் இன்னும் உறுதியோடு கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. திருமணத்தைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கும்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறது. ஒருமுறை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து வந்தார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த வலிப்பு நோய் என்ற தடையை நாடாளுமன்றம் 1999-இல் நீக்கிவிட்டது, கிறிஸ்தவர்களின் மணவிலக்குச் சட்டத்திலும் வலிப்பு ஒரு காரணமாக இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். சட்டம் மாறி இத்தனை வருடங்கள் ஆன பிறகும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்று அறையில் இருந்த ஐந்து தாய்மார்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால், கல்யாணமான முதல் நாளிலிருந்தே மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிய நிலைக்கு அந்தப் பெண் தள்ளப்படுகிறாள்; மறந்துபோகிறாள், விழுகிறாள். சொல்லிவிட்டுக் கட்டியவர்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கணவன்மாரை ஒரே ஒரு முறையாவது முன்னால் நிறுத்திப் பேசவைத்திருக்கலாம். ஆண் மக்களின் வேலையைப் பற்றியும், வாகனம் ஓட்டும் உரிமத்துக்கான படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கப்படுவதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேச்சு நடக்கிறது. பெண் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. என் மகளுக்கு 17 வயதாகிறது. இது எனக்குத் தூரத்துக் கவலை அல்ல.

கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் மிகக் குறைவு. குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு பேருந்து மாறி வருவது எளிதல்ல என்பது ஒருபுறம் இருக்க, வள்ளத்தில் போகிறவருக்கு நடுக்கடலில் வலிப்பு வந்தால் உடனிருப்பவர் என்ன செய்வது என்ற பாடம் இந்த மாவட்டத்தில் வேறெந்தப் பாடத்தைவிடவும் அவசரமானது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது கடற்கரையில் நடக்கவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைப்பேசிக் குழுவிலும் ஒழுங்கு போதாது. 48 நாளில் வலிப்பைக் குணமாக்கும் லேகியம் என்று யாரோ அனுப்பிய செய்தி, ஆசிரியர் கண்ணில் படுவதற்குமுன் இரண்டு நாள் கிடந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு வீட்டில் மாத்திரை நிறுத்தப்பட்டது. நல்லவேளையாக, பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை.

மாற்றுத்திறனாளி அடையாளச் சான்று கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள் ஏமாற்றத்தோடு போகிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் வலிப்பு நோய் தனியாக இடம்பெறவில்லை. கூடவே அறிவுத்திறன் குறைபாடோ வேறு குறைபாடோ இருந்தால் அதன் பெயரில்தான் சான்று கிடைக்கும். இதைக் கூட்டத்தார் நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள், இல்லாத நம்பிக்கையைத் தருவதில்லை.

புதிதாக வலிப்பு என்று சொல்லப்பட்ட வீட்டாருக்கும், பல வருடங்களாக மருந்து சாப்பிட்டும் வலிப்பு நிற்காதவர்களுக்கும் இந்தக் கூட்டத்தை நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். நோயாளியை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டில் அவரோடு அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவர் வரவேண்டும். முதல் முறை போகும்போது மருந்துச் சீட்டுகள் அனைத்தையும், காலி மாத்திரை அட்டைகளையும், கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கூட்டம் எந்த ஊரில், எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றால், உங்கள் நரம்பியல் மருத்துவரிடமோ கிராமச் செவிலியரிடமோ கேளுங்கள். மாத்திரை வாங்கும் கடையில் பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்கலாம், எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. படி ஏறும்போது இடப்பக்கச் சுவரை ஒட்டி ஏறுங்கள். கைப்பிடிக்காகச் சென்ற மாதம் முதல் பணம் சேர்க்கிறோம். 6,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது, கொல்லர் 11,000 கேட்கிறார்.